கேஷ்பேக் கிரெடிட் கார்டு: விளம்பரத்தில் 5 சதவீதம், உங்கள் கணக்கில் எவ்வளவு?

"ஆன்லைனில் எதை வாங்கினாலும் 5 சதவீதம் கேஷ்பேக்" என்று விளம்பரம் வரும். மாதம் 45,000 ரூபாய் செலவு செய்யும் குடும்பத்துக்கு அந்தக் கணக்குப்படி 2,250 ரூபாய் திரும்பி வர வேண்டும். நடைமுறையில் 500 ரூபாய் வந்தாலே பெரிது. வங்கி பொய் சொல்லவில்லை. எந்தச் செலவுக்குக் கேஷ்பேக் கிடையாது என்ற பட்டியலைப் பொடி எழுத்தில் கீழே போட்டிருக்கிறது, அவ்வளவுதான். நல்ல கார்டைத் தேர்ந்தெடுப்பது என்பது அந்தப் பட்டியலையும் நம் வீட்டுச் செலவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. சதவீதத்தைப் பார்ப்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

அதற்கும் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது.

பில்லை முழுதாகக் கட்ட முடியுமா?

முடியாது, சில மாதம் இழுக்கும் என்றால் கேஷ்பேக் கார்டு வேண்டாம். கணக்கு இதுதான்: 30,000 ரூபாய் பில் வந்திருக்கிறது. எல்லாமே 5 சதவீதம் தரும் செலவுகள் என்றே வைத்துக்கொள்வோம், கேஷ்பேக் 1,500 ரூபாய். நீங்கள் மினிமம் டியூ மட்டும், அதாவது குறைந்தபட்சம் கட்டச் சொல்லும் 5 சதவீதமான 1,500 ரூபாய் கட்டுகிறீர்கள். பாக்கி 28,500. கிரெடிட் கார்டு வட்டி பெரும்பாலும் மாதம் 3.5 முதல் 3.75 சதவீதம், வருடக் கணக்கில் 42 முதல் 45. மாதம் 3.75 என்றால் ஒரு மாத வட்டி 1,069 ரூபாய். அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 1,261. மொத்தக் கேஷ்பேக்கில் பெரும்பகுதி ஒரே மாதத்தில் போய்விட்டது.

இதிலும் மென்மையாகத்தான் கணக்குப் போட்டிருக்கிறோம். பாக்கி வைத்தால் வட்டி டியூ டேட்டிலிருந்து (பில் கட்டக் கடைசி நாள்) தொடங்காது, பொருள் வாங்கிய நாளிலிருந்தே ஓடும். அடுத்த மாதம் புதிதாக வாங்குவதற்கும் வட்டியில்லா நாட்கள் கிடைக்காது. தேய்த்த அன்றே வட்டி. பழைய பாக்கியை முழுதாகத் தீர்க்கும்வரை இதே நிலைதான். ஏற்கெனவே கார்டில் பாக்கி இருப்பவர், முதலில் அதை முடித்துவிட்டு இந்தப் பக்கம் வரலாம்.

வீட்டுச் செலவைப் பிரிப்பது

கடைசி மூன்று மாத வங்கி ஸ்டேட்மென்ட்டையும் யுபிஐ ஆப்பில் இருக்கும் பட்டியலையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஈபி பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவது, பள்ளிக் கட்டணம் வருடத்தில் இரண்டு மூன்று தவணையாகப் போவது, இன்சூரன்ஸ் பிரீமியம் வருடத்துக்கு ஒருமுறை கட்டுவது ஆகியவற்றை மாதக் கணக்குக்குக் கொண்டுவாருங்கள். ஒரு நடுத்தரக் குடும்பத்துக்கு அது ஏறத்தாழ இப்படி இருக்கும் என்று வைத்துக்கொள்வோம்:

வாடகை 14,000
பள்ளிக் கட்டணம் 6,000
பெட்ரோல் 3,000
இன்சூரன்ஸ் 2,500
ஈபி, காஸ் 2,500
சூப்பர் மார்க்கெட் 5,500
ஆன்லைன் ஷாப்பிங் 6,500
சாப்பாடு ஆர்டர் 2,000
போன், இன்டர்நெட் 1,500
மருந்து, சில்லறைச் செலவு 1,500

மொத்தம் 45,000. இதில் முதல் ஐந்து வரிகளுக்கு, அதாவது 28,000 ரூபாய்க்கு, பெரும்பாலான கேஷ்பேக் கார்டுகள் ஒன்றும் தராது. மிச்சம் 17,000. அதிலும் 5 சதவீதம் உறுதியாகக் கிடைப்பது ஆன்லைன் ஷாப்பிங்குக்கும் சாப்பாட்டு ஆர்டருக்கும்தான்: 8,500 ரூபாய்க்கு 425. மற்ற 8,500 ரூபாய்க்கு 1 சதவீதம், 85. ஆக மாதம் 510 ரூபாய். மொத்தச் செலவில் பார்த்தால் 1.1 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். உங்கள் கார்டின் உண்மையான சதவீதம் இதுதான். எந்த விளம்பரத்தைப் பார்த்தாலும் இந்த எண்ணை உங்கள் செலவுக்குப் போட்டுப் பாருங்கள். அரை மணி நேர வேலை.

விலக்குப் பட்டியலும் நான்கு இலக்கக் கோடும்

கடையின் பெயரைப் பார்த்து வங்கி கேஷ்பேக் தருவதில்லை. ஒவ்வொரு வியாபாரிக்கும் எம்சிசி என்று, அவர் செய்யும் வியாபாரத்தின் வகையைக் காட்டும் நான்கு இலக்க எண் உண்டு, அதுதான் கோடு (code). 5411 மளிகை, சூப்பர் மார்க்கெட். 5812 ஓட்டல். 5912 மருந்துக் கடை. 5541, 5542 பெட்ரோல் பங்க். 5944 நகைக் கடை. 4900 மின்சாரம், தண்ணீர், காஸ். 6513 வாடகை. 6540 வாலட்டில் பணம் ஏற்றுவது. 6300 இன்சூரன்ஸ். 8211 பள்ளி, 8220 கல்லூரி. கார்டின் விதிமுறையில் விலக்குப் பட்டியல் இந்த எண்களோடுதான் இருக்கும். வங்கித் தளத்தில் எம்ஐடிசி (மிக முக்கியமான விதிமுறைகள்) என்ற பெயரில் ஒரு பிடிஎஃப் இருக்கும். கட்டணம், வட்டி எல்லாம் அதில். கேஷ்பேக் விதிகள் அந்தக் கார்டுக்கான தனி ஆவணத்தில் இருக்கும். இரண்டையும் இறக்கி வைத்துக்கொண்டு, எம்சிசி என்று தேடுங்கள்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், கடைக்காரர் எந்தக் கோடில் பதிந்திருக்கிறார் என்பது நமக்குத் தெரியாது. பட்டுச் சேலையும் நகையும் ஒரே கூரையின் கீழ் விற்கும் பெரிய கடையில் சேலை வாங்குகிறீர்கள். தேய்த்த மெஷின், கார்டு விலக்கி வைத்திருக்கும் நகைக் கோடில் பதிவானதாக இருந்தால் சேலைக்கும் கேஷ்பேக் கிடையாது. ஒரே கடையில் இரண்டு வங்கிகளின் மெஷின் இருந்தால் இரண்டுக்கும் வேறு வேறு கோடு இருப்பதும் உண்டு. பெரிய தொகைக்கு முன்னால் சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது: அதே கடையில், அதே மெஷினில் 100, 200 ரூபாய்க்கு எதையாவது வாங்குங்கள். அடுத்த ஸ்டேட்மென்ட்டில் அதற்குக் கேஷ்பேக் வந்திருக்கிறதா என்று பாருங்கள். சில வங்கி ஆப்களில் பரிவர்த்தனையைத் தொட்டாலே எந்த வகை என்று காட்டும். அப்படியிருந்தால் காத்திருக்க வேண்டாம்.

கேஷ்பேக் இல்லாததோடு நிற்காமல், சில செலவுக்கு வங்கி கட்டணமும் போடும். வாடகைக்கு 1 சதவீதம் அல்லது அதற்கு மேல், வாலட்டில் ஏற்றுவதற்கு 1 சதவீதம், ஒரு பில் மாதத்தில் (ஒரு பில்லுக்கும் அடுத்த பில்லுக்கும் இடைப்பட்ட மாதம்) 50,000 ரூபாயைத் தாண்டும் மின்சாரம், தண்ணீர் வகைப் பில்களுக்கு 1 சதவீதம், வேறொரு ஆப் வழியாகப் பள்ளிக் கட்டணம் கட்டினால் 1 சதவீதம் என்று பல வங்கிகளில் வந்துவிட்டது. எல்லாவற்றுக்கும் மேல் ஜிஎஸ்டி.

உச்ச வரம்பு

கேஷ்பேக்குக்கு மாத வரம்பு, அல்லது மூன்று மாத வரம்பு இருக்கும். மாதம் 1,000 ரூபாய் வரம்பு, 5 சதவீதம் என்றால் 20,000 ரூபாய் செலவு வரைதான் பலன். 500 ரூபாய் வரம்பு, 10 சதவீதம் என்றால் 5,000 ரூபாயோடு முடிந்தது. வரம்பைச் சதவீதத்தால் வகுத்தால் வருவதுதான் அந்தக் கார்டில் நீங்கள் செலவு செய்ய வேண்டிய தொகை. அதைத் தாண்டியதும் வேறு கார்டை எடுக்க வேண்டும்.

இங்கே ஒரு நுணுக்கம்: வரம்பு காலண்டர் மாதத்துக்கா, பில் மாதத்துக்கா என்று பாருங்கள். பில் 10-ஆம் தேதி போடுகிறார்கள் என்றால், பில் மாத வரம்பு 11-ஆம் தேதி புதிதாகத் தொடங்கும். 40,000 ரூபாய் பிரிட்ஜும் வாஷிங் மெஷினும் வாங்க வேண்டியிருந்தால் ஒன்றை 6-ஆம் தேதியும் மற்றதை 12-ஆம் தேதியும் வாங்கி இரண்டு மாத வரம்பையும் பயன்படுத்தலாம். எல்லைத் தேதியில் மட்டும் விளையாடாதீர்கள். பரிவர்த்தனை நடந்த நாளும் வங்கிக் கணக்கில் ஏறும் நாளும் ஒன்றிரண்டு நாள் தள்ளி இருக்கும். பல வங்கிகள் ஏறிய நாளைத்தான் எடுத்துக்கொள்ளும்.

வருவது காசா, புள்ளியா?

கேஷ்பேக் என்ற பெயரில் மூன்று விதமான சரக்கு விற்கிறது. முதல் வகையில் பில் தொகையிலேயே தானாகக் கழிந்துவிடும். இதுதான் சுத்தமான கேஷ்பேக். இரண்டாவது, ஒரு குறிப்பிட்ட கடையின் வாலட்டில் வந்து விழும். அந்தக் கடையில் வழக்கமாக வாங்குபவருக்குக் காசு மாதிரிதான். மற்றவரை அது அங்கேயே கட்டிப்போடும். மூன்றாவது, புள்ளியாக வரும். 1 புள்ளி 1 ரூபாய் என்பார்கள். ஆனால் நாமே போய் மாற்ற வேண்டும், குறைந்தபட்சம் இத்தனை புள்ளி சேர்ந்திருக்க வேண்டும், மாற்றுவதற்குக் கட்டணம், ஒரு காலக்கெடுவுக்குப் பிறகு காலாவதி. இந்த மூன்றாவது வகையில் புள்ளி சேர்வதைவிட மறந்து போவதுதான் அதிகம். ஆகவே இரண்டு கார்டும் ஒரே சதவீதம் தருகிறது என்றால் தானாகக் கழியும் கார்டையே எடுங்கள்.

வருடக் கட்டணம் கழித்தபின்

999 ரூபாய் கட்டணம் என்றால் ஜிஎஸ்டியோடு 1,179. மேலே சொன்ன குடும்பத்துக்கு மாதம் 510 வீதம் வருடம் 6,120 வருகிறது. கட்டணம் போக 4,941. கட்டணமே இல்லாத, எல்லாவற்றுக்கும் 1 சதவீதம் தரும் கார்டில் அதே 17,000 ரூபாய்க்கு மாதம் 170, வருடம் 2,040. ஆக இந்தக் குடும்பத்துக்குக் கட்டணக் கார்டே மேல்.

பொதுவாக எப்படிப் பார்ப்பது? இலவசக் கார்டு 1 சதவீதம் எப்படியும் தரும். கட்டணக் கார்டு கூடுதலாகத் தருவது 4 சதவீதம் மட்டுமே. 1,179-ஐ 4 சதவீதத்தால் வகுத்தால் சுமார் 29,500. வருடத்துக்கு அந்த அளவுக்கு மேல் ஆன்லைனில் வாங்குகிறவருக்குத்தான் கட்டணம் கட்டிக் கார்டு வைத்துக்கொள்வதில் அர்த்தம் இருக்கிறது. கூடுதல் சதவீதத்தை மட்டும் எடுத்து வகுக்க வேண்டும். முழு 5 சதவீதத்தை எடுத்தால் கணக்கு வங்கிக்குச் சாதகமாகச் சாய்ந்துவிடும்.

வருடம் 2 லட்சம் செலவு செய்தால் கட்டணம் தள்ளுபடி என்பதும் வழக்கம். இலக்குக்கு 15,000 குறைகிறது என்று தேவையில்லாத பொருளை வாங்குவது 1,179 ரூபாயைக் காப்பாற்ற 15,000-ஐத் தொலைப்பது. எப்படியும் கட்ட வேண்டிய இன்சூரன்ஸ் பிரீமியத்தை அந்த மாதம் இந்தக் கார்டில் கட்டலாம். கேஷ்பேக் வராவிட்டாலும் சில கார்டுகளில் அது இலக்கில் சேரும். சேருமா என்று விதியில் பார்த்துவிட்டுச் செய்யுங்கள், ஏனென்றால் வாடகை, வாலட் போன்றவற்றைப் பல வங்கிகள் இலக்குக் கணக்கிலும் எடுப்பதில்லை.

எந்த வகை யாருக்கு?

ஒரே கடைக்கென்று இருக்கும் கார்டுகளில் தெரிந்த பெயர் அமேசான் பே ஐசிஐசிஐ. வருடக் கட்டணம் கிடையாது. பிரைம் உறுப்பினருக்கு அமேசானில் 5 சதவீதம், மற்றவருக்கு 3, வெளியே பொதுவாக 1. பணம் அமேசான் பே இருப்பாக வரும். முதல் கார்டு வாங்குபவர் இதிலிருந்து தொடங்குவதில் தவறே இல்லை. இழக்க எதுவும் இல்லாத கார்டு. ஃப்ளிப்கார்ட் ஆக்சிஸும் இதே ஜாதிதான், ஆனால் கட்டணம் உண்டு.

பல கடைகளில் ஆன்லைனில் வாங்குபவருக்கு எஸ்பிஐயின் கேஷ்பேக் கார்டு போன்றவை பொருந்தும்: கடை எதுவானாலும் ஆன்லைன் என்றால் 5, நேரில் 1, விலக்குப் பட்டியல் நீளம். எச்டிஎஃப்சி மில்லேனியா போன்றவை குறிப்பிட்ட சில ஆப்களுக்கு மட்டும் 5 சதவீதம் தருபவை. அந்தப் பட்டியலில் நீங்கள் நிஜமாகவே மாதாமாதம் பயன்படுத்துபவை எத்தனை என்று எண்ணுங்கள். மூன்றுக்குக் குறைவு என்றால் விட்டுவிடலாம்.

பெரும்பாலான வீடுகளுக்கு இரண்டு கார்டு போதும்: அதிகம் செலவாகும் இடத்துக்கு ஒன்று, மற்றதற்கெல்லாம் ஒன்று. நான்காவது கார்டு தரும் கூடுதல் கேஷ்பேக் மாதம் 100 ரூபாய்கூட இருக்காது, ஆனால் மறந்துபோகக்கூடிய டியூ டேட் ஒன்று கூடிவிடும்.

விண்ணப்பிக்கும்போது

ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் வங்கி உங்கள் சிபில் அறிக்கையை, அதாவது நீங்கள் கடனை எப்படிக் கட்டினீர்கள் என்ற பதிவையும் அதற்கான மதிப்பெண்ணையும் (ஸ்கோர்), எடுத்துப் பார்க்கும். அது அறிக்கையில் பதிவாகும். ஒரே மாதத்தில் நான்கைந்து வங்கிகளில் விண்ணப்பித்தால் பணத்துக்கு அலைகிறார் என்ற எண்ணம்தான் வரும். முதலில் அறிக்கையை நீங்களே பாருங்கள். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ஆகிய நான்கும் வருடத்துக்கு ஒரு முழு அறிக்கை இலவசமாகத் தர வேண்டும். தவறான கடன் எதுவும் உங்கள் பெயரில் இருந்தால் அதைச் சரிசெய்த பிறகு விண்ணப்பியுங்கள். நீங்களாகப் பார்ப்பதால் ஸ்கோர் குறையாது.

சம்பளச் சீட்டு இல்லாதவருக்கு எஃப்டி போட்டு அதன்மேல் வாங்கும் கார்டு இருக்கிறது. எஃப்டிக்கு வட்டியும் வரும், ஒழுங்காகக் கட்டினால் ஸ்கோரும் வளரும்.

மாலிலும் பெட்ரோல் பங்கிலும் மேசை போட்டு உட்கார்ந்திருப்பவர் "லைஃப்டைம் ஃப்ரீ சார்" என்றால், அது விண்ணப்பப் படிவத்திலோ வங்கியின் மின்னஞ்சலிலோ எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். முதல் வருடம் மட்டும் இலவசம் என்பதைத்தான் பல நேரம் இப்படிச் சொல்கிறார்கள். பதின்மூன்றாம் மாத ஸ்டேட்மென்ட்டில் கட்டணம் வந்து நிற்கும்.

கார்டு கைக்கு வந்ததும்

முதல் வேலை ஆட்டோபே, அதாவது பில் தொகை வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் போகும் ஏற்பாடு. போடும்போது இரண்டு விருப்பம் கேட்கும்: மொத்தத் தொகை, மினிமம் தொகை. மொத்தத் தொகையைத் தேர்ந்தெடுங்கள். மினிமத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு ஆட்டோபே போட்டாயிற்று என்று நிம்மதியாக இருப்பவர்கள் நிறையப் பேர். வட்டி சத்தமில்லாமல் ஏறிக்கொண்டிருக்கும். வேறு வங்கிக் கணக்கிலிருந்து ஆட்டோபே போட்டால் நடைமுறைக்கு வர ஒரு பில் மாதம் ஆகலாம், ஆகையால் முதல் பில்லைக் கையால் கட்டுங்கள். ஆப் வழியாகக் கட்டினால் பணம் போய்ச் சேர ஒன்றிரண்டு நாள் பிடிக்கும். டியூ டேட்டுக்கு மூன்று நாள் முன்னதாகவே முடித்துவிடுவது நல்லது. டியூ டேட் தாண்டி மூன்று நாளுக்கு மேல் பாக்கி நின்றால்தான் லேட் ஃபீ போடலாம் என்று ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது. அந்த மூன்று நாளை அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், வட்டிக்கு அந்தச் சலுகை கிடையாது.

இரண்டாவது, பில் தேதி. சம்பளம் 1-ஆம் தேதி வருகிறது, டியூ டேட் 28 என்றால் மாதக் கடைசியில் திண்டாட்டம்தான். பில் தேதியை ஒருமுறையாவது மாற்றிக்கொள்ளும் வசதியை வங்கி தர வேண்டும் என்பது விதி. கேட்டு மாற்றி, டியூ டேட் 5, 6-ஆம் தேதி வாக்கில் விழும்படி செய்துகொள்ளுங்கள்.

மூன்றாவது, ஆப்பில் போய் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை அணைத்து வையுங்கள், தட்டிக் கட்டும் வசதிக்கு வரம்பைக் குறையுங்கள். பின் நம்பர் இல்லாமல் 5,000 ரூபாய் வரை தட்டிக் கட்டலாம் என்பதால் தொலைந்த கார்டு அந்த அளவுக்கு ஆபத்து.

தினசரிப் பயன்பாட்டில் எங்கே நஷ்டம் வருகிறது

கடைக்காரர் கார்டுக்கு 2 சதவீதம் கூடுதல் கேட்டால் கணக்கு அங்கேயே முடிந்தது. 1 சதவீதக் கேஷ்பேக்குக்கு 2 சதவீதம் கொடுப்பதில் என்ன இருக்கிறது? ஜிபே செய்துவிட்டு வாருங்கள்.

பெட்ரோலுக்குக் கேஷ்பேக் கிடையாது. 1 சதவீத சர்சார்ஜ் (கூடுதல் கட்டணம்) பிடித்துத் திருப்பித் தருவார்கள், அதுவும் ஒரு முறைக்கு 400, 500 ரூபாயிலிருந்து சில ஆயிரம் வரை என்ற எல்லைக்குள் போட்டால் மட்டும். 1,000 ரூபாய்க்குப் போட்டால் சர்சார்ஜ் 10, அதன் ஜிஎஸ்டி 1.80. 10 ரூபாய் திரும்பும், 1.80 திரும்பாது. சின்னத் தொகைதான், ஆனால் லாபம் என்று நினைத்துச் செய்வதற்கு இதில் ஒன்றுமில்லை. பெட்ரோலுக்கென்றே இருக்கும் கார்டுகள் வேறு.

வட்டியில்லாத் தவணை என்று சொல்லப்படும் நோ காஸ்ட் இஎம்ஐ, கேஷ்பேக் கார்டின் பெரிய பள்ளம். 24,000 ரூபாய் போனை ஆறு மாதத் தவணையில், வருட வட்டி 16 சதவீதத்தில் எடுக்கிறீர்கள். வட்டி சுமார் 1,080. அதைத் தள்ளுபடியாக முன்னாலேயே கழித்துவிடுவார்கள், அதனால்தான் நோ காஸ்ட். ஆனால் வட்டிமேல் வரும் ஜிஎஸ்டி, சுமார் 195 ரூபாய், உங்கள் தலையில்தான். பிராசசிங் கட்டணம் 199 என்றால் ஜிஎஸ்டியோடு 235. பெரும்பாலான கார்டுகள் இஎம்ஐக்குக் கேஷ்பேக் தராது என்பதால் 5 சதவீதமான 1,200 ரூபாயும் போயிற்று. மொத்தத்தில் 1,630 ரூபாய். கையில் 24,000 இருந்தால் ஒரே தடவையில் வாங்கிவிடுவது நல்லது. இல்லையென்றால், இஎம்ஐக்கு இந்த 1,630 ரூபாய்தான் விலை என்று தெரிந்து வாங்குங்கள்.

வெளிநாட்டுத் தளத்தில் டாலரில் கட்டினால் மார்க்அப் என்ற நாணய மாற்றுக் கட்டணம் 3.5 சதவீதம், ஜிஎஸ்டியோடு 4.13. கேஷ்பேக் 5 சதவீதம் வந்தாலும் கையில் நிற்பது 0.87. வெளிநாட்டில் கடைக்காரர் "ரூபாயிலேயே போடட்டுமா?" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அவருடைய மாற்று விகிதம் மோசமாக இருக்கும், அதற்குமேல் பல வங்கிகள் 1 சதவீதம் தனியாகப் பிடிக்கும்.

ஏடிஎம்மில் கிரெடிட் கார்டு போட்டுப் பணம் எடுப்பது அறவே கூடாது. எடுத்த தொகையில் 2.5 சதவீதம் அல்லது குறைந்தபட்சம் 500 ரூபாய் கட்டணம், எடுத்த நிமிடத்திலிருந்து வட்டி.

ரூபே கிரெடிட் கார்டை யுபிஐ ஆப்பில் இணைத்துத் தெருமுனை மளிகைக் கடை க்யூஆரிலும் கட்டலாம். 2022 முதல் இந்த வசதி இருக்கிறது. வியாபாரிகளின் க்யூஆருக்கு மட்டும்தான், தனி ஆளுக்கு அனுப்ப முடியாது. கடைக்காரர் தன் சொந்தக் கணக்கின் க்யூஆரை ஒட்டி வைத்திருந்தால் பரிவர்த்தனை நடக்காது. யுபிஐ வழியாகப் போகும் செலவுக்குப் பல கார்டுகள் குறைவான கேஷ்பேக் தருகின்றன, சில தருவதே இல்லை. வாங்குவதற்கு முன் அந்த ஒரு வரியைத் தேடிப் பாருங்கள்.

பெரிய பொருளை எப்போது வாங்குவது என்பதிலும் கொஞ்சம் லாபம் இருக்கிறது. பில் தேதி 10, டியூ டேட் 30 என்று வைத்துக்கொள்வோம். ஜூன் 9-இல் வாங்கினால் ஜூன் 30-இல் பணம் கட்ட வேண்டும், 21 நாள். ஜூன் 11-இல் வாங்கினால் ஜூலை 30 வரை, 49 நாள். ஆனால் பண்டிகைக் காலத் தள்ளுபடி 10 சதவீதம் ஓடிக்கொண்டிருந்தால் இந்த நாட்கணக்கையெல்லாம் பார்க்க வேண்டாம். தள்ளுபடி போகக் கட்டிய தொகைக்குத்தான் கேஷ்பேக் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

கார்டின் கடன் லிமிட்டில் 30 சதவீதத்துக்குள் செலவை வைத்துக்கொண்டால் ஸ்கோருக்கு நல்லது. ஒரு மாதம் அதிகமாகிவிட்டது என்றால் பில் போடும் தேதிக்கு முன்பே ஒரு பகுதியைக் கட்டிவிடலாம். பாக்கி குறைந்தால் சிபிலுக்குப் போகும் தொகையும் குறையும்.

நண்பர்களும் உறவினர்களும் "உன் கார்டில் வாங்கிக் கொடு, ஜிபே பண்ணிடறேன்" என்பார்கள். அண்ணன் தங்கைக்குச் செய்வது வேறு. அலுவலகத்தில் பத்துப் பேருக்குச் செய்தால், பணம் வராத நாளிலும் பில் உங்கள் பெயரில்தான். ஒரு நிதியாண்டில் கார்டு பில்லாக 10 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ கட்டினால், அல்லது 1 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கட்டினால், வங்கி வருமான வரித் துறைக்குத் தகவல் தரும். சொன்ன வருமானத்தைவிடச் செலவு அதிகமாகத் தெரிந்தால் விளக்கம் கேட்டுக் கடிதம் வரலாம்.

ஸ்டேட்மென்ட் வந்ததும்

பத்து நிமிடம் ஒதுக்குங்கள். தேட வேண்டியவை: நீங்கள் கேட்காத இன்சூரன்ஸ் அல்லது கார்டு பாதுகாப்புத் திட்டம், மறந்துபோன சந்தா, வருடக் கட்டணம், வட்டி என்று ஏதாவது ஒரு வரி. பிறகு கேஷ்பேக். 5 சதவீதம் வர வேண்டிய செலவுகளைக் கூட்டி, வந்த தொகையோடு ஒப்பிடுங்கள். குறைந்தால் முதலில் மூன்று காரணங்களைப் பாருங்கள்: பரிவர்த்தனை பில் தேதிக்குப் பிறகு ஏறியிருக்கும், வரம்பைத் தாண்டியிருக்கும், அல்லது கோடு விலக்கில் விழுந்திருக்கும். மூன்றும் இல்லை என்றால் பரிவர்த்தனைத் தேதி, தொகை, விதியின் வரி ஆகியவற்றோடு மின்னஞ்சல் அனுப்புங்கள். போனில் பேசுவதைவிட இதற்குப் பதில் ஒழுங்காக வரும், கையில் ஆதாரமும் இருக்கும்.

பொருளைத் திருப்பி அனுப்பினால் அதற்கு வந்த கேஷ்பேக்கும் அடுத்த பில்லில் பிடிக்கப்படும். கேஷ்பேக்கை நாமாகவே பில்லிலிருந்து கழித்துக்கொண்டு மிச்சத்தைக் கட்டுவதில் ஒரு ஆபத்து உண்டு: அது இன்னும் வரவு வைக்கப்படாமல் இருந்தால் சில நூறு ரூபாய் பாக்கி நின்றுவிடும். ஆப்பில் காட்டும் தொகையைக் கட்டுங்கள்.

"உங்கள் ரிவார்டு புள்ளிகள் இன்றோடு காலாவதி" என்று லிங்க்கோடு எஸ்எம்எஸ் வந்தாலோ, வாட்ஸ்அப்பில் ஏபிகே கோப்பு (போனில் ஆப்பை நிறுவும் கோப்பு) வந்தாலோ தொடவே தொடாதீர்கள். பணம் போய்விட்டால் உடனே கார்டை முடக்கி, சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழைத்து, வங்கியிலும் எழுத்தில் புகார் கொடுங்கள். உங்கள் தவறும் வங்கியின் தவறும் இல்லாத மோசடியை மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தால் உங்கள் பொறுப்பு பூஜ்யம். ஓடிபியை நீங்களே சொல்லியிருந்தால் புகார் செய்யும்வரை போனது உங்கள் கணக்கில்தான்.

விதி மாறும்போதும் கார்டை மூடும்போதும்

நல்ல கேஷ்பேக் கார்டு எதுவும் நீண்ட நாள் அப்படியே இருப்பதில்லை. எஸ்பிஐயின் கேஷ்பேக் கார்டு 2022 செப்டம்பரில் வந்தபோது மாத வரம்பு 10,000 ரூபாய். 2023 மே மாதத்தில் 5,000 ஆயிற்று, விமான நிலைய லவுஞ்ச் வசதியும் போயிற்று. ஆகவே இங்கே சொன்ன சதவீதங்களையும் விண்ணப்பிக்கும் நாளில் வங்கித் தளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். கட்டணத்தை மாற்றினால் குறைந்தது ஒரு மாதம் முன்னதாக வங்கி சொல்ல வேண்டும். அது பிடிக்காமல் நீங்கள் கார்டைத் திருப்பிக் கொடுத்தால் அதற்கென்று தனிக் கட்டணம் வாங்கக் கூடாது. அந்த மின்னஞ்சல்கள் விளம்பரக் குப்பையோடு சேர்ந்து வரும் என்பதால், வருடக் கட்டணம் வரும் மாதத்துக்கு முந்தைய மாதம் ஒருமுறை செலவுக் கணக்கை மறுபடி போட்டுப் பாருங்கள். கட்டணத்தைவிடக் கேஷ்பேக் குறைவு என்றால் வங்கியை அழைத்துக் கட்டணத்தைத் தள்ளச் சொல்லுங்கள். மூடப் போகிறேன் என்றதும் பல நேரம் தள்ளிவிடுவார்கள்.

மூடுவதாகவே முடிவு செய்தால் முதலில் புள்ளிகளையும் கேஷ்பேக்கையும் எடுத்துக்கொண்டு, சந்தாக்களை வேறு கார்டுக்கு மாற்றி, பாக்கியை ஒரு ரூபாய் விடாமல் கட்டுங்கள். பிறகு ஆப்பிலோ மின்னஞ்சலிலோ கோரிக்கை வையுங்கள். பாக்கி இல்லாத கார்டை ஏழு வேலை நாளில் மூட வேண்டும், தாமதமானால் மூடும்வரை நாளுக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும் என்பது 2022-ஆம் ஆண்டு ரிசர்வ் வங்கி விதி. வங்கி இழுத்தடித்தால் இந்த விதியைக் குறிப்பிட்டு எழுதுங்கள். புகார் கொடுத்து 30 நாளில் தீர்வு வராவிட்டால் ரிசர்வ் வங்கி ஓம்புட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளர்) இணையத்திலேயே கட்டணமின்றிப் புகார் செய்யலாம். மிகப் பழைய கார்டை மட்டும் முடிந்தவரை மூடாதீர்கள். இலவசக் கார்டு என்றால் வருடத்தில் சில முறை ஒரு ரீசார்ஜாவது அதில் செய்து உயிரோடு வைத்திருங்கள். ஒரு வருடத்துக்கு மேல் பயன்படுத்தாத கார்டை வங்கியே தகவல் சொல்லிவிட்டு மூட முடியும். மூடிய கார்டுக்குக் கடனில்லாச் சான்று வாங்கி வைத்து, இரண்டு மாதம் கழித்து சிபில் அறிக்கையில் அது மூடப்பட்டதாகப் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள்.